ஓடு முதலில், நிறம் கடைசியில்: வன்னியில் பழைய வீட்டைத் திருத்துதல்

பழைய வீட்டைத் திருத்த வெளிக்கிடுகிறவர்கள் பலர், தைப்பொங்கலுக்கு முன் நிறம் அடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடுதான் தொடங்குகிறார்கள். கார்த்திகை மழையில் ஊறிய சுவருக்கு மார்கழிக் கடைசியில் அடித்த பெயின்ற் பங்குனி வெயிலில் கொப்பளிக்கும், சித்திரையில் தோலாக உரியும். பிறகு பெயின்ற் கடைக்காரரோடு சண்டை. பெயின்றில் குறை இல்லை. சுவருக்குள் இருந்த ஈரம் வெளியே வர வழி தேடியது, குறுக்கே நின்றதைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

வேலைக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. கூரை, மழைத்தண்ணீர் ஓடும் வழி, கறையான், சுவர், வயரிங், தரை, கதவு யன்னல், எல்லாவற்றுக்கும் பிறகு நிறம். இதை மாற்றிச் செய்தால் ஒரே வேலைக்கு இரண்டு தரம் காசு போகும். காலத்தையும் பார்த்துப் பிடிக்க வேண்டும். மாசியில் பழுதான பூச்சை உடைத்து, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி, ஆனியில் சுவரைக் காயவிட்டு, ஆடியில் பூசி, ஆவணி கடைசியிலோ புரட்டாதியிலோ நிறம் அடித்தால் ஐப்பசி மழைக்கு வீடு தயார். கூலி வேலை செய்பவர்கள் வயல் வெட்டுக் காலத்தில் கிடைக்கமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும்.

சுவரின் வயதை அறிதல்

வன்னியில் ஒரே வீட்டுக்குள் நாலு வெவ்வேறு காலத்துச் சுவர் இருக்கும். இரணைமடுக் குளத்தைச் சுற்றியும் வேறு குடியேற்றத் திட்டங்களிலும் முதலில் கட்டிய அறைகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். 1990களில் போரால் சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த காலத்தில் எழுப்பியவை களிமண் சாந்தில் நிற்கும். மேலே மட்டும் மெல்லிய சீமெந்துப் பூச்சு. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு சேர்த்த அறைகள் சீமெந்துக் கல். 2010க்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் வந்த பகுதி அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எந்தச் சுவர் எது என்று தெரியாமல் பூசத் தொடங்கக்கூடாது. உள்ளங்கையளவு பூச்சை உடைத்து, கல்லுக்கு இடையே உள்ள சாந்தைத் திருப்புளியால் சுரண்டிப் பார்க்கவும். வெள்ளையாக, சிப்பித் துணுக்குகளோடு, மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. பழுப்பாக இருந்து, தண்ணீர் தெளித்ததும் விரலில் பிசுபிசுத்தால் களிமண். சாம்பல் நிறத்தில் திருப்புளியை எதிர்த்து நின்றால் சீமெந்து. இந்த ஐந்து நிமிடச் சோதனைதான் பூச்சுக் கலவையை முடிவு செய்யும்.

கூரையில்லாமல் பல வருடம் மழையில் நின்ற சுவர்களின் மேல் மூன்று நான்கு வரிசைக் கல் பெரும்பாலும் பிடிப்பற்றிருக்கும். கையால் ஆட்டினால் ஆடும் வரிசை முழுவதையும் இறக்கிவிட்டு, சுற்றிவர 6 அங்குல உயரத்தில் நான்கு 10 மில்லிமீற்றர் கம்பி போட்ட கொங்கிறீற் வளையம் ஊற்றி, அதன் மேல் கூரை தாங்கும் மரவளையை வைப்பதே முறை. ஆடுகிற கல்லின் மேல் புதுக் கூரையை ஏற்றினால் முதல் வாடைக்காற்றிலேயே கூரைக்கும் சுவருக்கும் இடையில் கோடு விழும்.

சுவர் வெடிப்பில் ஆலும் அரசும் முளைத்திருந்தால் கிளையை முறிப்பது வீண் வேலை. வேர் போகும் பாதையில் கல்லைக் கழற்றி வேரை முழுதாக எடுத்த பிறகே திரும்பக் கட்ட வேண்டும். விட்ட வேர் இரண்டு மாரிக்குள் பூச்சைப் பிளக்கும்.

தீப்பட்ட அறைகளில் இன்னொரு கவனம். கதவு யன்னலுக்கு மேலே உள்ள லின்ரலின் பூச்சை உடைத்து கொங்கிறீற்றின் நிறத்தைப் பார்க்கவும். இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், சுத்தியலால் தட்டும்போது மணிச்சத்தம் வராமல் மந்தமாகக் கேட்டால், அந்த லின்ரல் பலம் இழந்துவிட்டது. மேலே பூசி மறைக்காமல் முண்டு கொடுத்துக் கழற்றி மாற்ற வேண்டும்.

கூரை

பழைய சீமை ஓட்டை எறிந்துவிட்டுச் சீற் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. விலை குறைவு என்பது சரி. ஆனால் சித்திரை வெயிலில் மத்தியானம் அந்த அறைக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு ஓட்டின் அருமை தெரியும். நல்ல ஓடு இருந்தால் அதைக் காப்பாற்றுவதே கெட்டித்தனம்.

ஓட்டை இறக்கி ஒவ்வொன்றாக விரல் மூட்டால் தட்டவும். கணீரென்றால் நல்லது, சொத்தையாகக் கேட்டால் மயிர்வெடிப்பு உண்டு. சந்தேகமானதைக் கவிழ்த்துப் பள்ளத்தில் தண்ணீர் விட்டு ஒரு மணித்தியாலம் வைக்க, மற்றப் பக்கம் துளி கட்டினால் ஒதுக்கவும். பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்க்காமல் பொச்சும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் மேல்தோல் கெடாது. நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ 140 முதல் 150 ஓடு வேண்டும். உடைவுக்கு நூற்றுக்குப் பத்து மேலதிகம். குறைகிற ஓட்டைப் பழைய ஓடு விற்பவரிடம் வாங்கும்போது அடிப்பக்கத்தில் பதித்திருக்கும் தொழிற்சாலைப் பெயரைப் பார்த்து அதே அச்சு ஓட்டைத் தேடவும். வேறு வேறு அச்சு ஓடுகளின் பூட்டு ஒன்றோடொன்று பொருந்தாது. பொருந்தாத ஓட்டை ஒரே பக்கக் கூரையில் கலந்தால் அந்த வரிசையில்தான் ஒழுகும். வேறு அச்சுத்தான் கிடைத்தது என்றால் முன்பக்கக் கூரை முழுக்க ஒன்று, பின்பக்கம் முழுக்க மற்றது என்று பிரித்து அடுக்கவும். ஓடு தாங்கும் றீப்பைச் சட்டங்களின் இடைவெளியையும் கையில் உள்ள ஓட்டை வைத்து அளந்தே அடிக்க வேண்டும்.

பனஞ்சலாகையைத் திருப்புளியால் ஒரு முழத்துக்கு ஒரு இடம் குத்திப் பார்க்கவும். கறுத்த வைரம் உள்ள சலாகைக்குள் கறையான் போகாது. வெளிறிய சோற்றிப் பகுதியைத்தான் தின்னும். சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் இற்றுப்போவது. மற்ற இடம் நல்லதென்றால் அந்த முனையை மட்டும் வெட்டி, பக்கத்தில் நாலடித் துண்டு ஒன்றை வைத்து அரை அங்குலப் போல்ற் மூன்று போட்டு இறுக்கினால் போதும். புது மரம் எடுப்பதானால் முதிரை மரமோ பாலை மரமோ ஏற்றி வருவதற்கு வனவளத் திணைக்கள அனுமதிப்பத்திரம் வேண்டும். விற்பவரிடம் அதைக் கேட்டு வாங்காமல் லொறியில் ஏற்ற விடக்கூடாது.

தற்காலிகமாகப் போட்ட அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கழற்றுவது என்றால் உடைக்கக்கூடாது, வாளால் அறுக்கக்கூடாது, காய்ந்தபடி கூட்டவும் கூடாது. நீல அஸ்பெஸ்ரஸ் இலங்கையில் 1987இலேயே தடைசெய்யப்பட்டது. இப்போது உள்ள வெள்ளையின் தூளும் நுரையீரலுக்கு நஞ்சுதான். தண்ணீர் அடித்து நனைத்து, கொக்கி ஆணியை வெட்டி, முழுச் சீற்றாக இறக்கவும். உடைந்த துண்டைப் படலையடிச் சேற்றுக்குப் போட்டு மிதிக்கிற பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

சீலிங் அடிக்க எல்லோருக்கும் ஆசை. பிளாஸ்ரிக் சீலிங் மேலே எலி, அதைத் தேடிப் பாம்பு, போதாக்குறைக்கு மரநாய். அடிக்கத்தான் வேண்டுமென்றால் இரண்டடிக்கு இரண்டடி ஏறும் வாசல் ஒன்றை விட்டு, இரண்டு முகட்டுச் சுவரிலும் வலை அடித்த காற்றுத் துளை வைக்கவும். சூட்டைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் ஓட்டுக்குக் கீழே வெள்ளித்தாள் விரிப்பதே மலிவு. பளபளப்பான பக்கம் கீழே பார்க்க வேண்டும், ஓட்டுக்கும் தாளுக்கும் இடையே ஒரு அங்குலம் காற்று இருக்க வேண்டும். ஓட்டோடு ஒட்டி விரித்தால் பயன் இல்லை.

ஈரமும் உப்பும்

பூநகரி, பரந்தன், ஆனையிறவுப் பக்கம் உவர்த் தண்ணீரில் குழைத்த சாந்து எத்தனையோ வீட்டில் இருக்கிறது. உப்பு பூத்த சுவர் என்பது அதுதான்: தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம்வரை வெள்ளைப் பூ, பூச்சு மாவாகக் கொட்டும். சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று என்று பலமாகப் பூசினால் நின்றுவிடும் என்று பல மேசன்மார் நினைக்கிறார்கள். அந்தப் பூச்சு ஈரத்தை அடைத்துப் பிடிக்கும். ஈரம் இன்னும் மேலே ஏறி, முன்பு மூன்றடியில் நின்ற கோடு ஐந்தடிக்குப் போகும். மெதுவான செங்கல்லின் மேல் வலிய பூச்சு ஒட்டியும் நிற்காது, ஒருநாள் பலகையாகக் கழன்று விழும்.

முதலில் ஈரம் எங்கிருந்து என்று பார்க்கவும். ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் ரேப் ஒட்டி இரண்டு நாள் விடவும். உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்தால் அறைக்குள் காற்றோட்டம் போதாது, சுவரில் பிழையில்லை.

சுவருக்குள் என்றால் வெளியே போய்ப் பார்க்கவும். வருடக்கணக்காகக் கூட்டிக் கூட்டி, பூக்கன்றுக்கு மண் போட்டு, வளவு மண் உயர்ந்து வீட்டுத் தரையோடு சமமாகியிருக்கும். பாதி வீடுகளில் நோய் இதுதான். சுற்றிவர மண்ணை வெட்டி உள்தரையைவிடக் குறைந்தது 6 அங்குலம் தாழ்த்தவும். தாவாரத் தண்ணீர் விழும் இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குச் சல்லி பரப்பி, வெளியே சாய்வு கொடுக்கவும். அந்த இடத்தில் சீமெந்து போடுவதைவிடச் சல்லி நல்லது. சீமெந்தில் பட்டுத் தெறிக்கும் தண்ணீர் சுவரை நனைக்கும், மண்ணுக்குள் உள்ள ஈரமும் வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிடித்து ஏறும். பீலி போட்டால் அதன் வாய் வீட்டிலிருந்து பத்தடி தள்ளி விழ வேண்டும்.

அதன் பிறகு பூச்சு. ஈரக் கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு அடிவரை பழைய பூச்சை உடைத்து இறக்கி, கல் இடுக்கில் உள்ள சாந்தை முக்கால் அங்குலம் கோதி எடுக்கவும். பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி, அள்ளி வெளியே கொட்டவும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்தான் போகும். பிறகு சுவரைச் சும்மா விடவேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. சோளகம் அடிக்கும் காலத்தில் ஒன்பது அங்குலச் சுவர் அதற்கு முன்னமே காய்ந்துவிடும். உப்பு பூக்கப் பூக்கத் தட்டிக்கொண்டிருக்க, பூப்பது நின்றால் பூசலாம்.

கலவை: சுண்ணாம்புச் சாந்து, களிமண் சாந்துச் சுவருக்கு சீமெந்து 1, சுண்ணாம்பு 2, மணல் 9. சீமெந்துக் கல் சுவருக்கு 1, 1, 6. மணல் ஆற்று மணலாக, அரித்ததாக இருக்க வேண்டும். கடலோர மணலை மலிவு என்று எடுத்தால் இவ்வளவு பாடும் வீண். நாக்கில் வைத்துப் பார்த்தாலே உப்புத் தெரியும். வீட்டுக் கிணறு உவர் என்றால் சாந்து குழைக்கவும் சுவர் நனைக்கவும் நல்ல தண்ணீரை பவுசரில் எடுப்பதற்கு ஒரு செலவு வைக்கவும். முதல் பூச்சு அரை அங்குலம், கீறிவிட்டு இரண்டு மூன்று நாளில் கால் அங்குல முடிப்பு. ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். சாதாரண 1:5 சீமெந்துப் பூச்சு அரை அங்குலத்துக்கு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரு பை சீமெந்து இழுக்கும். மேசன் இரண்டு பை கேட்டால் சுவர் வளைவு, அல்லது கலவை அளவில்லாமல் போகிறது. சாந்துத் தாச்சியால் அள்ளும் கணக்கை விட்டு, 35 லீற்றர் கொள்ளும் பெட்டி ஒன்று அடித்துக் கொடுக்கவும். அது ஒரு பையின் அளவு.

போரில் துப்பாக்கிச் சன்னம் பட்ட துளைகளை மேலால் பூசி அடைத்தால் ஆறு மாதத்தில் வட்டமாகக் கழன்றுவிடும். சுற்றியுள்ள தளர்ந்த பூச்சை உளியால் கொத்தி, உள்ளே அகலமாகவும் வாயில் ஒடுக்கமாகவும் குழியை ஆக்கவும். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் எடுத்தே ஆகவேண்டும். துரு பிடித்து ஊதி, பூச்சைத் தள்ளி, நிறத்துக்கு மேல் பழுப்புக் கறை விடும். நனைத்து, சீமெந்துப் பால் தடவி, முக்கால் அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு நாளைக்கு ஒரு அடுக்காக நிரப்பவும். பெரிய துளைக்குக் கல்லுத் துண்டு வைத்துக் கட்டுவதே சரி. ஒரு துளையை மட்டும் பூசாமல் விட்டு வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வீட்டுக்காரர் விருப்பம். மேசன் கேட்காமல் அடைத்துவிடக்கூடாது.

வெடிப்பு விஷயத்தில் அவசரம் கூடாது. வயற்கரையோரக் களிமண்ணில் நிற்கும் வீட்டில் யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடும் வெடிப்பு ஆடி, ஆவணியில் விரியும், மார்கழியில் மூடும். பென்சிலால் இரண்டு முனையிலும் கோடு போட்டுத் திகதி எழுதி ஒரு வருடம் பார்க்கவும். விரிந்து மூடுகிற வெடிப்புக்கு வலிய சீமெந்தை ஆவணியில் அடைத்தால், மார்கழியில் சுவர் மூட இடமில்லாமல் பக்கத்தில் புது வெடிப்பு எடுக்கும். சுண்ணாம்புச் சாந்து கொஞ்சம் இசைந்து கொடுக்கும். வருடா வருடம் கூடிக்கொண்டே போவது என்றால் அத்திவாரம் இறங்குகிறது. அதற்குப் பூச்சு மருந்தல்ல.

அத்திவாரம் இறங்குவதற்கு வன்னிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: போர்க்காலத்துப் பதுங்குகுழி, அதாவது பழைய பங்கர். வளவுக்குள் வெட்டி, பிறகு குப்பையும் மண்ணும் போட்டு மூடிய கிடங்கின் மேல் அறையை நீட்டினால் ஒரு மூலை நிச்சயம் இறங்கும். புது அறைக்கு வாய்க்கால் வெட்டும் முன் ஆறடிக் கம்பியை மூன்றடிக்கு ஒரு இடம் குத்திப் பார்க்கவும். ஓரிடத்தில் மட்டும் கம்பி வெண்ணெய்க்குள் போவதுபோல் போனால் அந்தக் கிடங்கு முழுவதையும் தோண்டி எடுத்து, கிறவலை ஆறு ஆறு அங்குலமாகப் போட்டு நனைத்து இடித்து இறுக்க வேண்டும். கம்பி குத்துவதும் கிடங்கு வெட்டுவதும் கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியில் மட்டுமே. அங்கேயும் துருப்பிடித்த உருளையோ பெட்டியோ வெளிப்பட்டால் தொடவோ நகர்த்தவோ கூடாது. வேலையை நிறுத்தி, ஆட்களை விலக்கி, பொலிஸ் அவசர எண் 119க்கு எடுக்கவும்.

பழைய வீட்டோடு புது அறையைச் சேர்க்கும்போது கல்லைப் பல்லுப்பல்லாகக் கோத்துக் கட்டுவது பிழை. பழையது இறங்கி முடிந்தது, புதியது இனித்தான் இறங்கும். நேர்கோட்டில் அரை அங்குல இடைவெளி விட்டுத் தனியாகக் கட்டி, அந்த இடுக்கில் நெகிழும் சீலன்ற் அடித்து, உள்பக்கம் ஒரு மரச்சட்டத்தால் மறைக்கவும். அறை நீட்டுவதற்குப் பிரதேச சபை அனுமதி வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கறையான்

சுவரில் ஓடும் மண்கோட்டைத் துடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். கோடு உடைந்த கறையான் பக்கத்தில் இன்னொன்று கட்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் 12 மில்லிமீற்றர் துளைகளை ஒரு அடிக்கு ஒன்றாகத் துளைத்து, அனுமதி பெற்ற கறையான் மருந்தைப் போத்தலில் சொன்ன அளவில் விட்டு, சீமெந்தால் அடைக்கவும். வெளியே சுவரோரம் முழு நீளத்துக்கும் அரையடிக் குழி வெட்டி அதற்குள்ளும் ஊற்ற வேண்டும். கிணற்றுக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. மரத்துக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவது இங்கே பெரிய பழக்கம். நாற்றம் வருடக்கணக்கில் போகாது, அதன் மேல் எந்த நிறமும் பிடிக்காது, குசினிப் பக்கம் என்றால் தீப்பிடிக்கவும் வழி.

கதவு நிலையின் கால் தரைக்குள் புதைந்திருந்தால் அதுதான் கறையானின் வாசல். முதிரை நிலையைக் கழற்றி எறியாமல், இற்ற ஒரு அடியைச் சரிவாக வெட்டி, அதே சரிவில் முதிரைத் துண்டு ஒன்றை ஒட்டி, இரண்டு மரமுளை இறுக்கவும். புதுக் காலின் அடியில் இரண்டங்குல உயரக் கொங்கிறீற் கட்டை வைத்தால் மரம் மண்ணைத் தொடாது. இப்போது கடையில் வாங்கும் நிலை எதுவும் அந்தப் பழைய முதிரைக்குப் பக்கத்தில் நிற்காது. பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்தபடி உரஞ்சாமல் தண்ணீர் போட்டு உரஞ்சவும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவேண்டாம். சுரண்டிய மரத்துக்கு லின்சீட் எண்ணெயும் ரேர்பன்ரைனும் சரிபாதி கலந்து மூன்று தரம், ஒவ்வொரு தரத்துக்கும் இரண்டு நாள் இடைவெளி. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறிப் பற்றும். விரித்துக் காயப்போட்டு எறியவும்.

வயரிங்

நீண்ட காலம் மின்சாரமே இல்லாமல் இருந்த வீடுகளில், லைன் வந்த அவசரத்தில் மெல்லிய வயரை ஆணியடித்து ஓட்டி, லைற் வயரிலிருந்தே பிளக்கும் எடுத்திருப்பார்கள். இரும்புப்பெட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்ததும் வயர் சூடாகும். திருத்துகிறபோதே முழுதாக மாற்றிவிடுவது புத்தி. லைற்றுக்கு 1 சதுர மில்லிமீற்றர், 6 அம்பியர் பிரேக்கர். பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீற்றர், தனி ஓட்டம் என்றால் 20 அம்பியர், வளைய ஓட்டம் என்றால் 32. மூன்று வட்டக்கால் பிளக்கைக் கழற்றி 13 அம்பியர் சதுரக்கால் போடவும். பழைய சிவப்பு கறுப்பு வயரும் புதிய பழுப்பு நீல வயரும் ஒரே பெட்டிக்குள் வந்தால் பின்னர் வருகிறவர் குழம்புவார்.

30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் போட்டும் ஏர்த் சரியில்லாமல் இருப்பது வன்னியில் அடிக்கடி காணும் குறை. ஆவணியில் மண் காய்ந்து கல்லாகிக் கிடக்கும்போது நாலடி ஏர்த் கம்பியில் மின் இறங்காது. எப்போதும் ஈரம் நிற்கும் குளியலறைத் தண்ணீர் போகும் பக்கத்தில் அடித்து, வறட்சி மாதத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். மாரியில் அளந்த அளவு ஏமாற்றும். குழாய் புதைக்கக் கொத்தும் வரியை சுவிச்சிலிருந்து நேர் மேலே அல்லது நேர் கீழே கொண்டுபோகவும், சுவர்க் கனத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஆழம் கூடாது. நாலங்குலக் கல்லுச் சுவரில் குறுக்காகக் கொத்தினால் சுவரை அறுத்ததற்குச் சமம். இதெல்லாம் பதிவுபெற்ற மின்னியலாளர் செய்ய வேண்டிய வேலை. வீட்டுக்காரர் தெரிந்து வைத்திருப்பது மேற்பார்வைக்கு.

தரை

சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மேல் மாபிள் என்கிற தரை ரைல் பதிப்பதுதான் இப்போது கௌரவம். பழைய தரை வழுவழுப்பாக இருப்பதால் சாந்து பிடிக்காது. பதித்து இரண்டு வருடத்தில் தட்டினால் டொக்கென்று கேட்கும், ஒரு வெயில் நாளில் நடுவில் கூடாரம்போல் எழும்பும். இதோடு இன்னும் இரண்டு காரணம்: அடியில் காய்ந்த சீமெந்தைத் தூவிப் பதித்தது, சுவரோரம் இடைவெளி விடாதது. பதிப்பதென்றால் பழைய தரையை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கொத்தி, மாபிளின் முதுகு முழுவதும் ஒட்டுச் சாந்து தடவி, சுவரைச் சுற்றி கால் அங்குலம் விட்டு, அதை ஓரப் பட்டையால் மறைக்கவும். 10க்கு 12 அறைக்கு இரண்டடி மாபிள் 30, வெட்டுக்கும் உடைவுக்கும் சேர்த்து 33. தரை உயர்வதால் கதவின் அடியை அறுக்க வேண்டி வரும், வாசற்படி ஒன்று குட்டையாகும். வயதானவர்கள் இடறுவது அங்கேதான்.

சிவப்புத் தரை உடைந்திருந்தால் துண்டு துண்டாக ஒட்டுப் போட்டால் நிறம் ஒருநாளும் சேராது. உடைவைச் சுற்றி நூல் பிடித்து நாலடிச் சதுரமாக வெட்டி அந்தக் கட்டம் முழுவதையும் புதிதாக இட்டால் அது ஒட்டாகத் தெரியாமல் கோலமாகத் தெரியும். அறை முழுவதும் என்றால் 10க்கு 12 அடிக்கு ஒன்றரை அங்குலம் 1:3 கலவையில் நாலு பை சீமெந்து, 15 கன அடி மணல். மேலே நிறப்பூச்சுக்கு இன்னொரு பையும் 5 கிலோ சிவப்புக் காவியும். சீமெந்தின் எடையில் பத்தில் ஒன்றுக்கு மேல் காவி போட்டால் தரை மாவாகும். காவியையும் சீமெந்தையும் காய்ந்தபடி மூன்று தரம் அரித்துக் கலந்து, அறை முழுவதற்கும் ஒரே தரத்தில் கலந்து வைக்க வேண்டும். இரண்டாம் தரம் கலந்தது இரண்டாம் நிறம்தான். அடித்தளம் இறுகத் தொடங்கி, கால் வைத்தால் பதியாத ஆனால் நகம் பதியும் நேரத்தில் நிறப்பூச்சை மூன்று மில்லிமீற்றர் இட்டு, சாந்தகப்பையால் மினுங்கும்வரை தேய்க்கவும். அடுத்த நாள் வாசலில் களிமண் வரம்பு கட்டி ஏழு நாள் தண்ணீர் நிற்க விடவும். யன்னலைத் திறந்து வைத்துச் சோளகக் காற்று தரையில் பட்டால் மயிர்வெடிப்பு ஓடும். சாக்கால் மூடவும். ஒரு மாதத்துக்குப் பிறகு தேங்காயெண்ணெய்யை மெல்லியதாகத் துடைத்து, பொச்சால் உரஞ்ச நிறம் எழும்.

அறைகளும் நிறமும்

குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவருவது வசதிதான். ஆனால் பழைய செங்கல் சுவரில் ஷவர் பொருத்தினால் பக்கத்து அறை அலுமாரி பூஞ்சணம் பிடிக்கும். நீர்தடுப்புப் பூச்சை தரையிலிருந்து சுவரில் ஒரு அடியும், ஷவர்ப் பக்கம் ஆறடியும் ஏற்றி, மாபிள் பதிக்கும் முன் தண்ணீர் போகும் வாயை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பார்க்கவும். சாய்வு ஒரு அடிக்குக் கால் அங்குலம். மலக்குழியும் ஊறுகிடங்கும் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளி. குசினிக்கு ஒன்று மட்டும்: விறகடுப்பை ஒழிக்காமல் காஸ் அடுப்பைப் பக்கத்தில் வைக்கிற வீட்டில் புகைபோக்கியை அடைக்க வேண்டாம்.

மேற்சுவரில் காற்றுக்காக வைத்த துளையுள்ள பூக்கல்லைச் சீமெந்தால் அடைப்பது நுளம்புக்காக. மலேரியா ஒழிந்த நாடென்று 2016இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது, நுளம்பு ஒழிந்ததாக யாரும் சொல்லவில்லை. பூக்கல்லின் உள்பக்கம் மரச்சட்டத்தில் வலை அடித்துக் கொளுவினால் நுளம்பும் வராது, சூடும் வெளியேறும். கழற்றிக் கழுவவும் முடியும்.

புகை பிடித்த சுவரை சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, எண்ணெய்ப் பிரைமர் ஒன்று அடிக்காமல் இமல்சன் அடித்தால் பழுப்புக் கறை மூன்று பூச்சையும் தாண்டி வரும். புதுப் பூச்சு 28 நாள் காயவேண்டும். 10க்கு 12, பத்தடி உயர அறையில் கதவு யன்னல் கழித்து ஏறத்தாழ 380 சதுர அடிச் சுவர். இரண்டு பூச்சுக்கு 8 முதல் 9 லீற்றர் இமல்சன், 4 லீற்றர் பிரைமர். உப்புச் சுவருக்கு மூச்சு விடும் சுண்ணாம்புதான் பொருத்தம். ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்புக்கு ஐந்து லீற்றர் தண்ணீர், பாலைவிடத் தண்ணியாக மூன்று தரம். தடிப்பாக ஒரே தரம் அடித்தால் உடுப்பில் ஒட்டும்.

வன்னிச் செம்மண் தூசியில் வெள்ளைச் சுவர் ஒரு சோளகம் தாங்காது. தரையிலிருந்து மூன்றடிக்கு அடர்ந்த காவியோ இலைப்பச்சையோ, மேலே வெளிர் மஞ்சளோ வெள்ளையோ என்று பிரிப்பது பழைய வழக்கம். கைபடும் இடமும் விளக்குமாறு படும் இடமும் அதற்குள் அடங்கிவிடும். விறாந்தையில் அந்தப் பட்டையை நாலடிக்கு உயர்த்தலாம், சைக்கிள் சாத்துகிற இடம் அது.

கடைசியாக ஆணி. ஹோல் சுவரில் மாலை போட்ட படங்கள் இல்லாத வீடு இங்கே குறைவு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கொங்கிறீற் ஆணி அடிக்க, சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் பூச்சு உள்ளங்கையளவு கழன்று வரும். நிறம் அடிக்கும் முன்னமே ஏழடி உயரத்தில் சுற்றிவர இரண்டங்குல முதிரைச் சட்டம் ஒன்றை, மூன்றடிக்கு ஒரு சுவர்ப் பிளக் போட்டு ஸ்குரூவால் இறுக்கிவிட்டால், கொக்கி மாட்டி எத்தனை படமும் தொங்கவிடலாம், இடம் மாற்றலாம். படத்தின் முதுகில் இரண்டு கீழ் மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து அரை அங்குலம் விலக்கி வைத்தால் மாரி ஈரம் படத்துக்கு ஏறாது.